சுவர்க் கணக்கு

மூன்றாம் குறுக்குத் தெருவில் கிருபைரத்தினத்தின் சலூன்.
ரீவியில் இந்தியா.
காலை எட்டிலிருந்து சத்தம் குறையவில்லை.
கதிரையில் இருக்கிறவருக்கு ஒரு கன்னம் முடிந்தது.
மறு கன்னம் நுரையோடு காத்திருக்கிறது
நாலாவது சுற்று வரும்வரைக்கும்.

வரைபடத்துக்கு நிறம் பூசுகிறார்கள்.
மேலேயிருந்து ஒரு நிறம் மடமடவென்று இறங்கி
நர்மதைப் பக்கம் தயங்குகிறது.
கீழே வேறு நிறம், அசையவில்லை.
எங்கள் தீவு படத்தில் இல்லை.
திருகோணமலை இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு நெய் டப்பா,
பக்கத்தில் மின்னி மின்னி விலை.

"டெல்லியில ஆர் வந்தாலும் தாங்கி அவங்களுக்குத்தான்"
என்கிறார் சீனன்குடாவில் காவல் வேலை பார்க்கும் சித்திரவேல்.
கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவந்த றஸீன் கேட்கிறான்:
"அப்ப றோலர்?"
ஒருவரும் பதில் சொல்லவில்லை.
விளம்பரம் வந்துவிட்டது.

எனக்கு இந்த வேட்பாளர்களைத் தெரியும்.
ஆட்களை அல்ல, பெயர்களை.
எந்தப் பெயருக்கு எவ்வளவு சிவப்புச் செல்லும் என்று தெரியும்.
இருபத்தொரு வருசம் மண்டபம் முகாமில் இருந்தேன்.
சைக்கிளில் ஏணி கட்டிக்கொண்டு போய்
ஆறு பாராளுமன்றத் தேர்தலுக்குச் சுவர் எழுதினேன்.

தொகுதிப் பங்கீடு சென்னையில் நடக்கும்.
முடிவு எனக்கு முழக்கணக்கில் வரும்.
பெரிய கட்சிக்கு ஒன்பது முழம்.
தோழமைக்கு இரண்டு.
கடைசி இரவில் வந்து சேர்ந்த தராசுக் கட்சிக்கு
குழாயடி மூலையில்
நாய் கால் தூக்கும் உயரத்தில் ஒரு முழம்.
அதற்கே அவர்கள் டீ வாங்கித் தந்தார்கள்,
வடையோடு.

அடுத்த தேர்தலில் தராசு எதிர்ப்பக்கம் போய்விடும்.
சுண்ணாம்பு அடித்து மறைப்பேன்.
ஐப்பசி மழைக்கு
புது நண்பனின் விசிறிக்கு அடியிலிருந்து
பழையவனின் தட்டு இரண்டும் மெல்ல வெளியே வரும்.
ஒன்றியச் செயலாளர் முத்திருளப்பன் நின்று பார்ப்பார்.
"இருக்கட்டும் விடுங்க பெயிண்டரே,
நாளைக்கே திரும்பி வந்தாலும் வருவான்."

வாக்குப் போடும் நாளில்
ஊரே விரலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொள்ளும்.
என் விரலிலும் நிறம் இருக்கும்,
நீலம், மஞ்சள், நகக்கண்ணில் கொஞ்சம் சிவப்பு.
மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் போய்விடும்.
ஆறு மணிக்குள் முகாமுக்குள் நிற்கவேண்டும்.
அன்றைக்கு எங்களையும் எண்ணுவார்கள்,
தலையாக.

இங்கே எனக்கு வாக்கு உண்டு.
மூன்று விருப்பு வாக்கும் உண்டு.
போன முறை எங்கள் கட்சிகள் சேர்ந்து நிற்குமா பிரிந்து நிற்குமா என்று
நியமனப் பத்திரம் கையளிக்கும் நாள் மத்தியானம்வரை
கச்சேரி வாசலில் நின்றவர்களுக்கே தெரியாது.
சுவர் எழுத ஒருவரும் கூப்பிடவில்லை.
கொழும்பிலிருந்து போஸ்ரர் வந்தது.
பஸ் நிலையத்து மான்கள் பசைக்காக அதைக் கிழித்துத் தின்றன,
கட்சி பாராமல்.
நான் தாங்கிக்கு இலக்கம் எழுதப் போனேன்.
முப்பத்திரண்டு. முப்பத்துமூன்று.
நாலு ஆள் உயரத்தில் ஒரு மூன்று எழுதுவது லேசல்ல.

பதினொன்றரைக்கு நிரோசினியின் குரல்பதிவு.
முகாமில் பிறந்தவள். முப்பது தாண்டிவிட்டது.
இன்னும் அதே அட்டை, அதே எண்.

"அப்பா, நம்ம தொகுதியில தராசு ஜெயிச்சிருச்சுப்பா!
நீங்க குழாயடி மூலையில எழுதுவீங்கல்ல, அதே தராசு.
தெருவெல்லாம் வெடி.
எனக்கும் லட்டு குடுத்தாங்க.
யாருக்குப் போட்டேன்னு யாருமே கேக்கல."

சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி
வெளியே போனேன்.
வேப்பமரத்தடியில் நின்று
அந்த 'நம்ம'வை மட்டும்
இன்னும் இரண்டு தரம் போட்டுக் கேட்டேன்.

திரும்பி வந்தபோது
படத்தில் எல்லா நிறமும் பூசி முடிந்திருந்தது.
நெய் டப்பா அங்கேயே இருந்தது.
கிருபைரத்தினம் மறு கன்னத்துக்கு வந்தார்.
நுரை காய்ந்து போயிருந்தது.
தண்ணீர் தெளித்து
முதலிலிருந்து தொடங்கினார்.